விலகி நின்று காணும் கலை

நுழையும்முன்

கையில் ஒளிப்படக்கருவி இருந்தால் எவரும் படம் எடுத்துவிடலாம். ஆனால், கூட்டில் குஞ்சுகளைக் காக்கும் ஒரு நாரை நம்மைக் கண்டு அஞ்சாமல் தன் பணியைத் தொடரும்போதே அதனைப் படம் எடுப்பதற்குப் பயிற்சி வேண்டும். நீர்ப்பறவைகளை முதன்முதலாகப் படமெடுக்க முயல்பவர் எதிர்கொள்ளும் இடர்களையும் அவற்றால் கற்றுக்கொள்ளும் பாடங்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

முதல்நாள் ஏமாற்றம்

தை மாதத்துக் காலைப்பொழுது. செங்கல்பட்டு மாவட்டம் வேடந்தாங்கல் ஏரியில், நீர்நடுவே நிற்கும் மரங்களெங்கும் நத்தைகுத்தி நாரைகளும் நீர்க்காகங்களும் கரண்டிவாயன்களும் நிறைந்திருக்கின்றன. கரையில் நிற்கும் தொடக்கநிலையாளர் நூற்றுக்கணக்கில் படங்களை எடுத்துத் தள்ளுகிறார். வீடு திரும்பிப் பார்த்தால் மூன்று வகைக் குறைகள் தென்படுகின்றன. அமர்ந்திருந்த பறவைகள் வெறும் புள்ளிகளாகத் தெரிகின்றன. பறந்தவற்றின் சிறகுகள் கலங்கிக் கிடக்கின்றன. வெண்கொக்குகளோ இறகுகளின் வரிகூடத் தெரியாமல் வெட்டி ஒட்டிய வெள்ளைத்தாள்போல் காட்சியளிக்கின்றன.

இக்குறைகள் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. தொலைவில் உள்ள பறவையைப் பெரிதாகக் காட்டக் குறைந்தது 300 மில்லிமீட்டர் குவியத்தொலைவு கொண்ட வில்லை வேண்டும். கைப்பேசிக்கு அவ்வாற்றல் பெரும்பாலும் இல்லை. பறக்கும் சிறகைத் தெளிவாகப் பதிவுசெய்ய, ஷட்டர் எனப்படும் மூடுதிரை ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமோ அதனினும் குறைவாகவோ திறந்து மூடவேண்டும். கருவியின் ஒளியளவி, இருண்ட நீர்ப்பரப்பைக் கணக்கிட்டு மிகுதியான ஒளியை உள்ளே விடுவதால் வெண்ணிறப் பறவையின் நுட்பங்கள் மறைகின்றன. அவ்வேளையில் ஒளியைச் சற்றுக் குறைத்து எடுத்தல் நலம்.

பறவையே ஆசிரியர்

கருவியின் குறைகளை ஓரிரு நாளில் திருத்திவிடலாம். பறவையின் இயல்பை அறிவதற்கோ பல நாள் பொறுமை தேவை. பெரிய நீர்ப்பறவைகள் பொதுவாகக் காற்றை எதிர்கொண்டே எழும். அவ்வாறே வந்து இறங்கும். காற்றின் திசையை அறிந்தவர், பறவையின் முகம் தம்மை நோக்கி வரும் இடத்தை முன்கூட்டியே தேர்ந்துகொள்வார். நீரில் மூழ்கி மீன்பிடித்த நீர்க்காகம், நனைந்த சிறகுகளை விரித்து வெயிலில் நெடுநேரம் உலர்த்தும். தொடக்கநிலையாளருக்கு அது நல்வாய்ப்பு.

பயிற்சிக்குச் சரணாலயம்தான் வேண்டும் என்பதில்லை. நம் ஊர்க் குளக்கரையிலும் வயல்வரப்பிலும் மடையான் நிற்கும். மண்ணிறத்தோடு ஒன்றிப்போகும் தன் நிறத்தை நம்பி, நாம் மிக அருகில் செல்லும்வரை அஃது அசையாதிருக்கும். அதனாலேயே அதனைக் ‘குருட்டுக்கொக்கு’ என்றும் மக்கள் அழைப்பர். ஆனால், அது குருடன்று; நம்மைக் கூர்ந்து கவனித்துக்கொண்டேயிருக்கிறது. எல்லையை நாம் கடந்த நொடியில் வெண்சிறகுகள் பளிச்சிட எழுந்து பறந்துவிடும்.

அந்த ஓரடி

அந்த எல்லையை உணர்வதே இக்கலையின் முதன்மையான பாடம். இரைதேடலை நிறுத்துதல், கழுத்தை உயர்த்தி நம்மையே நோக்குதல், உடலை ஒடுக்கிப் பறக்க அணியமாதல் ஆகியன பறவை அஞ்சுவதற்கான அறிகுறிகள். அவற்றைக் கண்டதும் நின்றுவிட வேண்டும். தேவையெனில் பின்வாங்க வேண்டும்.

கூடு கட்டும் காலத்தில் இவ்வெல்லையை மீறுவது பெருந்தீங்காக முடியும். தாய்ப்பறவை அஞ்சி அகன்றால், இறகு முளைக்காத குஞ்சுகள் நிழலின்றி வெயிலில் வாடும். முட்டைகளைக் காகங்கள் கவர்ந்து செல்லும். இன்னும் ஓரடி நெருங்கினால் படம் சிறக்கும் என்னும் ஆசைக்கு ஒரு கூடே விலையாகிவிடக்கூடும். கல்லெறிந்தும் கைதட்டியும் பறவைகளைப் பறக்கவிட்டு எடுக்கும் படம் எத்துணை அழகாயினும் அது பறவையின் அச்சத்தையே காட்டும்.

முன்னோடி

நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான மா. கிருஷ்ணன் (1912–1996) இத்துறையில் நமக்கு முன்னோடி. வேடந்தாங்கல் பறவைகளைப் பற்றியும் எழுதிய இயற்கையியலாளர் அவர். பல்வேறு உறுப்புகளைத் தாமே இணைத்து அமைத்த கருவியைக் கொண்டு கறுப்பு வெள்ளைப் படங்களை எடுத்தார். விலையுயர்ந்த கருவியைவிட, விலங்கையும் பறவையையும் நெடுநாள் நோக்கிப் பெறும் அறிவே பெரிது என்பதற்கு அவர்தம் வாழ்வு சான்று.

ஊரார் காட்டிய வழி

விலகி நின்று பறவைகளைப் பேணும் பண்பு தமிழர்க்குப் புதிதன்று. பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அறிந்திருந்த வேடந்தாங்கல் மக்கள், அவற்றைச் சுடுவதைத் தடுக்கும் ஆணையை 1798ஆம் ஆண்டிலேயே ஆங்கில ஆட்சியரிடம் பெற்றனர். 2022ஆம் ஆண்டு அவ்விடம் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டி ஊரார், பறவைகள் அஞ்சாதிருக்கும்பொருட்டுத் தீபாவளியன்றும் வெடி வெடிப்பதில்லை.

அவர்கள் கையில் ஒளிப்படக்கருவி இல்லை. ஆயினும், பறவைக்கும் தமக்கும் இடையே இருக்கவேண்டிய தொலைவை அவர்கள் அறிந்திருந்தனர். கருவியோடு கரைக்குச் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும், திரும்பும்முன் ஒருமுறை ஏரியை நோக்குக. வந்தபோது இரைதேடிக்கொண்டிருந்த கொக்கு இப்போதும் இரைதேடிக்கொண்டிருக்குமாயின், அன்றைய படங்கள் கலங்கியிருந்தாலும் முதற்பாடத்தில் அவர் தேர்ந்துவிட்டார் எனலாம்.