போர் செங்கடலில், சுமை திருப்பூரில்: கொச்சி வழி ஜவுளி ஏற்றுமதி சொல்லும் பாடம்

கொச்சி: மிளகும் இஞ்சியும் கைமாறிய மட்டாஞ்சேரி பண்டகசாலைகளுக்கு எதிரே, காயலின் மறுபுறம் வில்லிங்டன் தீவு. அங்குள்ள கப்பல் துறை ஒன்று இன்றும் மட்டாஞ்சேரியின் பெயரையே தாங்கி நிற்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படை வசம் சென்ற இத்துறைமுகம், 1945-ல்தான் சிவில் நிர்வாகத்திடம் திரும்பியது. போர் வந்தால் வணிகம் ஒதுங்க வேண்டும் என்பதை அன்றே கண்ட ஊர் இது.

இப்போது சரக்குப் பெட்டகங்களைக் கையாள்வது 2011 பிப்ரவரியில் திறக்கப்பட்ட வல்லார்பாடம் முனையம். திருப்பூர், கோவை வட்டார ஜவுளியில் ஒரு பகுதி பாலக்காடு கணவாய் வழியாகக் கொச்சிக்கும் வருகிறது.

2023 நவம்பரில் செங்கடலில் ஹூதி கிளர்ச்சியாளர்கள் கப்பல்களைத் தாக்கத் தொடங்கினர். அதன்பின் பெரிய கப்பல் நிறுவனங்கள் சூயஸ் கால்வாயைக் கைவிட்டு, நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்றன. ஐரோப்பாவுக்கான பயணம் ஏறத்தாழ இரண்டு வாரம் நீண்டது.

ஆடை வணிகத்தில் இரண்டு வாரம் என்பது சிறிய இழப்பல்ல. கோடைக்கால ஆடை கோடை முடிந்து போய்ச் சேர்ந்தால் இறக்குமதியாளர் தள்ளுபடி கேட்பார்; இல்லையேல் விமானத்தில் அனுப்பச் சொல்வார். சரக்குப் பணம் தாமதமானாலும் வங்கி வட்டி நிற்காது. நூலுக்கும் சாயத்துக்கும் கூலிக்கும் முன்பே பணம் கொடுத்துவிட்ட சிறு நிறுவனமே முதலில் தள்ளாடும்.

ஜவுளிக்கான உலக ஒதுக்கீட்டு முறை 2005 ஜனவரி 1-ல் முடிவுக்கு வந்தபோது, இனி தரமும் விலையுமே சந்தையைத் தீர்மானிக்கும் என்று நம்பப்பட்டது. இருபது ஆண்டுகளில் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. 2025 ஆகஸ்ட் 27-ல் இந்தியப் பொருள்கள் மீதான அமெரிக்கக் கூடுதல் வரி 50 சதவீதமானது. அப்போது வங்கதேசத்துக்கும் வியத்நாமுக்கும் அது 20 சதவீதம் மட்டுமே.

பஞ்சு இறக்குமதி மீதான 11 சதவீத வரியை மத்திய அரசு 2025 டிசம்பர் இறுதி வரை விலக்கியது. இது நூற்பாலைகளுக்கு ஆறுதல்; பருத்தி விவசாயிகளுக்கோ கவலை. கடலில் கழிந்த நாள்களுக்கு இது ஈடாகாது.

துறைமுகத்துக்கு ஓர் அமைச்சகம், வர்த்தகத்துக்கு மற்றொன்று, ஜவுளிக்கு இன்னொன்று. ஒவ்வொன்றும் தன் துறைக்கு மட்டுமே நாடாளுமன்றத்தில் பதில் சொல்கிறது. தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் தொழிலாளிக்கு வேலை நாள் குறைந்தால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியது எந்த அமைச்சகம்? போர் ஓய்ந்தாலும், வரி மாறினாலும் இந்தக் கேள்வி நிற்கும்.