குடத்து ஓலையும் கொள்குறி வினாவும்

செங்கற்பட்டுக்கு மேற்கே உள்ளது உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயிலில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) உள்ளன. ஊர் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்த முறையை அவை சொல்கின்றன. 30 குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்தில் இடுவார்கள். விவரம் அறியாத சிறுவன் ஒருவன் ஓலை எடுப்பான். முன்பு பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவர் பெயரை, அவர் உறவினர் பெயரைக்கூட, எழுதக் கூடாது!

சிறுவன் எதற்கு? எடுப்பவரின் விருப்பு வெறுப்பு முடிவில் கலக்கக் கூடாது என்பதற்குத்தான். இன்றைய வேலைத் தேர்வுகளில் கொள்குறி வினாக்கள் செய்வதும் இதையே. கட்டுரை விடைக்கு இருவர் ஒரே மதிப்பெண் தருவது அரிது. 1912இல் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் ஒரே ஆங்கில விடைத்தாளை நூற்றுக்கு மேற்பட்ட ஆசிரியர்களைத் திருத்தச் செய்தார்கள். மதிப்பெண்கள் 30க்கு மேல் வேறுபட்டன! கொள்குறி விடையை யார் திருத்தினாலும், எந்திரமே திருத்தினாலும், ஒரே எண்தான்.

குருட்டாம்போக்கில் குறித்தால்? நான்கு விடைகள் கொண்ட 100 வினாக்களில் சராசரியாக 25 சரியாகிவிடும். ஒவ்வொரு தவறுக்கும் மூன்றில் ஒரு மதிப்பெண் கழித்தால், 75 தவறுக்கு 25 போய் மிச்சம் சுழி. சில தேர்வுகளில் இப்படிக் கழிப்பதும் உண்டு.

ஆனால் ஒன்று. குடத்தில் கைவிட்ட சிறுவன் நடுநிலையானவன்தான். நிலமும் சொந்த மனையும் வேதப் பயிற்சியும் உடையவர் ஓலை மட்டுமே குடத்துக்குள் போயிற்று. வினாத்தாளிலும் இது நேரலாம். மாமல்லபுரம் கடற்கரையில் உயிர்காக்கும் காவலர் வேலைக்கு ஆள் எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மன்னர்களின் ஆட்சியாண்டுகளை மட்டும் கேட்டால், அலையில் நீந்தி வளர்ந்த மீனவ இளைஞன் தோற்றுப்போவான். திருத்தியதில் ஒரு பிழையும் இராது.