சிறு துரும்பும் கொலுவுக்கு உதவும்!

"சிறு துரும்பும் பல் குத்த உதவும்" என்பது பழமொழி. அந்தத் துரும்பு கொலு வைக்கவும் உதவும் என்றால் நம்புவீர்களா?

கிங்ஸ் சர்க்கிள், மாதுங்கா பகுதித் தமிழர் வீடுகளில் நவராத்திரி என்றால் கொலுதான். ஆண்டுக்கு ஒரு புதுப் பொம்மையாவது சேர்க்கவேண்டும் என்பது வழக்கம். ஆனால் ஒற்றை அறைக் குடித்தனத்தில், வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்குமே சம்பளம் சரியாகிவிடுகிறது. "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று குழந்தையிடம் எத்தனை தடவைதான் சொல்வது?

கவலை வேண்டாம். ஓட்டல் கல்லாவில், சோம்புத் தட்டுக்குப் பக்கத்தில் நிற்குமே பல் குத்தும் குச்சி! அதில் ஒரு டப்பி வாங்குங்கள்.

வட்டப் பூங்கா

கொலுப் படிக்குக் கீழே பூங்கா அமைப்பது நம் பழக்கம். நாள்தோறும் நாம் சுற்றிப்போகும் கிங்ஸ் சர்க்கிள் பூங்காவையே (இப்போது மகேஸ்வரி உத்யான்) அமைத்துவிடலாமே!

ஓர் அடி அகலத் தாம்பாளத்தில் ஈரமண் பரப்புங்கள். நான்கைந்து நாள் முன்பே கடுகு விதைத்தால் பசும்புல் தயார். விளிம்பை ஒட்டி, சென்டிமீட்டருக்கு ஒன்றாகக் குச்சி நடுங்கள். சுமார் 90 குச்சியில் வேலி முடிந்துவிடும்.

5 நிலைக் கோபுரம்

நீளவாக்கில் 2, குறுக்கே 2 என்று மாற்றி மாற்றி அடுக்குங்கள். சேரும் இடத்தில் ஒரு துளி பெவிகால். ஒவ்வொரு நிலைக்கும் குச்சியைச் சிறிது நறுக்கிக் குறைத்தால், மேலே போகப்போகக் கோபுரம் கூம்பும். ஒரு நிலை காய்ந்த பிறகே அடுத்த நிலை!

கவனம் தேவை

கூர்முனையை நகவெட்டியால் நறுக்கிவிடுங்கள். குழந்தைகள் கை பத்திரம். தண்ணீர் பட்டால் பசை இளகும். ஆகவே, ஒட்டுவதற்கு முன்பே குச்சியைச் சாயத்தில் தோய்த்துக் காயவையுங்கள். பழைய பேப்பர் மேல் வைத்து ஒட்டினால் பேப்பரும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் தாள் விரிப்பது நல்லது.

1 லட்சம் குச்சிகள்

இது சிறுபிள்ளை விளையாட்டு என்று எண்ணவேண்டாம். அமெரிக்காவில் ஸ்காட் வீவர் என்பவர் 1974-ல் தொடங்கி, 30 ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, 1 லட்சத்துக்கும் அதிகமான குச்சிகளில் சான்பிரான்சிஸ்கோ நகரத்தையே கட்டிவிட்டார். அதற்குள் பிங்-பாங் பந்து உருண்டு ஓடும்!

நமக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். விஜயதசமி கழிந்ததும் கோபுரத்தை அட்டைப் பெட்டியில் வைத்துப் பரணில் ஏற்றிவிடலாம்.

சுண்டல் வாங்க வரும் பக்கத்து வீட்டு மாமி, "கோபுரம் எங்கே வாங்கினீங்க?" என்று நிச்சயம் கேட்பார். உங்கள் மகள் முந்திக்கொண்டு சொல்வாள்:

"வாங்கலை மாமி, நானே பண்ணினது!"