மூடி தடதடக்கும்போது

சோறு பதமாகிவிட்டதா என்று அறிய ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்ப்போம். அடுப்படிக்குப் போகாமல், மூடி தடதடக்கும் சத்தத்தைக் கேட்டும் ஓரளவு சொல்லிவிடலாம்.

அமெரிக்காவின் மாதாந்திர வேலையின்மைக் கணக்கு பருக்கையை நசுக்கும் வேலை. சுமார் 60,000 வீடுகளில் விசாரிக்கிறார்கள். பதம் நன்றாகத் தெரியும். முடிவு வர அடுத்த மாதம் ஆகிவிடும். வேலை போனவரோ அன்றிரவே உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது எப்படி என்று கூகுளில் தேடிவிடுகிறார். அதுதான் மூடியின் சத்தம்.

அதைக் கேட்டுக் கணிக்கலாம் என்று 2009இல் கூகுளின் ஹால் வேரியனும் ஹ்யுன்யங் சோயும் அமெரிக்காவுக்கும், ஆய்வாளர்கள் அஸ்கிட்டாஸும் சிம்மர்மனும் ஜெர்மனிக்கும் எழுதிக் காட்டினார்கள்.

தேடல்களின் போக்கைக் காட்டும் கூகுள் டிரெண்ட்ஸ் சேவை, எத்தனை பேர் தேடினார்கள் என்று சொல்வதில்லை. மொத்தத் தேடல்களில் அந்தச் சொல்லின் பங்கு உச்சத்தில் இருந்த வாரத்தை 100 என்று வைத்து, மற்ற வாரங்களை அதற்கேற்பக் காட்டும். 80 என்றால் எத்தனை பேருக்கு வேலை போயிற்று? அதை மட்டும் பார்த்துச் சொல்லவே முடியாது. பழைய வாரங்களின் தேடல் அளவையும் அப்போது அரசிடம் பதிவான விண்ணப்பங்களையும் பொருத்திப் பார்த்து, சத்தம் இவ்வளவு என்றால் வேக்காடு இவ்வளவு என்று பழகிக்கொள்கிறார்கள். பிறகுதான் இந்த வாரக் கணிப்பு.

கொரோனா பரவிய 2020 மார்ச்சில் அமெரிக்காவில் இது கைகொடுத்தது. அதுவரை ஒரு வாரத்தின் உச்சம் 1982இல் பதிவான 6,95,000 விண்ணப்பங்கள். மார்ச் 21இல் முடிந்த வாரத்திலோ சுமார் 33 லட்சம். பெருவெள்ளம் வருகிறது என்பதை, அரசு எண் வெளியாகுமுன்பே கோல்ட்ஸ்மித்-பிங்க்கம், சோஜர்னர் என்ற இரு பொருளியலாளர்கள் மாநிலவாரித் தேடல்களைக் கொண்டு கணித்தார்கள். அப்போதும் சில மாநிலங்களிலிருந்து செய்திகளில் வந்த நிஜ எண்ணிக்கை அவர்களுக்குத் தேவைப்பட்டது.

தீயைத் தூண்டினாலும் மூடி ஆடும். உதவித்தொகை பற்றிப் பெரிய செய்தி வந்தால், வேலையில் இருப்பவரும் தேடுவார். ஆங்கிலத்தில் ‘ஜாப்ஸ்’ என்ற சொல்லை எண்ணினால், ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸைத் தேடுபவரும் கணக்கில் சேர்ந்துவிடுவார். தேடலை வைத்துக் காய்ச்சலைக் கணித்த கூகுள் ஃப்ளூ டிரெண்ட்ஸ், 2012–13 பருவத்தில் நோயாளிகளை மிகையாகக் கணித்தது, 2015இல் நிறுத்தப்பட்டது.

இணையம் இல்லாதவருக்கு வேலை போனால் இதில் சத்தமே கேட்காது. தேடல் தரவு இருக்கிறதே என்று எந்த அரசும் வீடு வீடாக விசாரிக்கும் ஆய்வுக்கான பணத்தைக் குறைக்கக் கூடாது.