நாற்பது டிகிரி வெயிலில் பன்னிரண்டு டிகிரி அறை

சீஸ் நன்றாக முதிர வேண்டுமானால் 10 முதல் 13 டிகிரி செல்சியஸ் குளிர் தேவை. காற்றில் ஈரம் 85 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. விழுப்புரத்திலோ கத்திரி வெயிலில் வெப்பம் 40 டிகிரியைத் தொடும். காலையில் கறந்த பாலை மதியத்துக்குள் காய்ச்சாவிட்டால் திரிந்துவிடும். இப்படிப்பட்ட மாவட்டத்தில்தான், வானூர் வட்டத்துச் செம்மண் மேட்டில், முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஐரோப்பிய வகைச் சீஸ் தயாராகிறது.

அந்த மேட்டில் 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கப்பட்ட ஆரோவில் நகருக்குப் புதுச்சேரி முகவரிதான் பலருக்கும் நினைவில் இருக்கிறது. ஆனால் அதன் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. திண்டிவனத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் ஏறக்குறைய 40 கிலோமீட்டருக்குள் போய்விடலாம். அங்குள்ள ‘லா ஃபெர்ம்’ பண்ணையின் மொசரெல்லா, ஃபெட்டா, ஆரோப்ளோஷான் முதலியவை சென்னைக் கடைகள் வரை போகின்றன. குயிலாப்பாளையம் சாலையோர விறகடுப்பு பீட்சாக் கடைகளிலும் பேக்கரிகளிலும் உட்கார்ந்து சாப்பிடுவதற்காகவே வார இறுதியில் வண்டி கட்டிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு.

அந்தத் தட்டில் இருப்பதையும், சற்றுத் தள்ளி மரக்காணத்து உப்பளத்தில் விளைவதையும், சுற்றிலும் நிற்கும் பனைகளில் சொட்டுவதையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு தொடர்பு தெரியும். வெயில் கொளுத்தும் இந்தக் கடற்கரையில் உணவு கெட்டுப்போக நெடுநேரம் ஆகாது. அந்தக் கெடுதலை எந்த இடத்தில் நிறுத்துவது, எந்தப் பக்கம் திருப்பிவிடுவது என்பதுதான் சீஸ், கள், உப்பு மூன்றுக்கும் பின்னால் இருக்கும் வேதியியல்.

பால் கட்டியாகும் கணக்கு

பாலில் 87 விழுக்காடு தண்ணீர். மீதியில் உள்ள புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன். கேசீன் நுண்ணிய உருண்டைகளாகத் திரண்டு பாலில் மிதக்கிறது. பாலின் வெண்மைக்குக் காரணங்களில் அதுவும் ஒன்று. உருண்டைகளின் மேல், ரம்புத்தான் பழத்தின் மேல் இருப்பதுபோல, காப்பா கேசீன் என்ற புரதத்தின் இழைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவை இருக்கும்வரை உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை.

பாலில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்து பனீர் எடுக்கும்போது, சூடும் அமிலமும் சேர்ந்து உருண்டைகளின் மின்னேற்றத்தைக் குலைக்கின்றன. அமில அளவு பி.எச். 4.6-ஐ நெருங்கினால் கேசீன் தண்ணீரில் நிலைகொள்ளாது. தயிர் உறைவதும் இந்த வழியில்தான். அங்கே அமிலத்தைப் பாக்டீரியாக்கள் உண்டாக்குகின்றன. சீஸ்காரர் செய்வது வேறு. ரென்னெட் என்ற நொதியைச் சில சொட்டுகள் விடுகிறார். அது காப்பா கேசீனின் 105-ஆவது அமினோ அமிலத்துக்கும் 106-ஆவதுக்கும் இடையே உள்ள ஒரே ஒரு பிணைப்பைத் துண்டிக்கிறது. இழைகள் உதிர்ந்ததும் உருண்டைகள் ஒட்டி வலையாகின்றன. அந்த வலையில் கொழுப்பு சிக்கிக்கொள்கிறது. தண்ணீரும் பால் சர்க்கரையும் வடிந்து ஓடுகின்றன. பத்து லிட்டர் பசும்பாலிலிருந்து சுமார் ஒரு கிலோ சீஸ்தான் தேறும்.

ஐரோப்பாவில் ரென்னெட்டைப் பால்குடிக் கன்றுகளின் இரைப்பையிலிருந்து எடுத்தார்கள். இந்தியாவில் பச்சைப் புள்ளியோடு விற்கும் சீஸுக்கு அது ஆகாது. ரைசோமியூக்கர் என்ற பூஞ்சையிடமிருந்து பெறும் நொதி இதே வேலையைச் செய்கிறது.

பீட்சாவின் மேல் இழுபடும் மொசரெல்லாவுக்கு இன்னொரு கணக்கு உண்டு. கட்டியின் அமில அளவு பி.எச். 5.2-ஐ ஒட்டி வரும் வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் கேசீனைப் பிணைத்திருந்த கால்சியத்தில் ஒரு பகுதி கரைந்துவிடும். அப்போது கட்டியைச் சுடுநீரில் இட்டுப் பிசைந்து இழுத்தால் புரதம் நார் நாராக வரிசைகொள்ளும். கொஞ்சம் முந்தினால் கட்டி அறுபடும், பிந்தினால் உதிரும். இத்தாலியின் கம்பானியா வட்டாரத்தில் இதை எருமைப் பாலில் செய்கிறார்கள். எருமைப் பாலில் கொழுப்பு ஏழு விழுக்காடு அளவில் இருப்பதால் சீஸ் கூடுதலாகத் தேறுகிறது, வாயில் வழவழப்பும் கூடுகிறது.

நாற்றம் எங்கிருந்து வருகிறது

ஆரோப்ளோஷானின் மூதாதை பிரான்சின் சவாய் மலைப்பகுதியைச் சேர்ந்த ரெப்ளோஷான். அங்கே கறந்த பாலின் அளவைப் பார்த்துக் குத்தகை வசூலித்தார்கள். குடியானவர்கள் மடியை முழுக்கக் கறக்காமல் விட்டு, அளப்பவர் போனபின் மறுபடி கறந்தார்கள். கடைசியில் வரும் பாலில் கொழுப்பு அதிகம். அந்தத் திருட்டுப் பாலில் பிறந்த சீஸ் அது.

இந்த வகைச் சீஸின் தோலை முதிரும் காலத்தில் உப்புத் தண்ணீரால் அடிக்கடி துடைப்பார்கள். பெரும்பாலான கிருமிகளால் அந்த உப்பைத் தாங்க முடியாது. தாங்கி வளர்வதில் முக்கியமானது பிரெவிபாக்டீரியம் லினென்ஸ். தோலுக்கு ஆரஞ்சு நிறத்தையும், மூக்கைச் சுளிக்கவைக்கும் வாசனையையும் தருவது அதுதான். அதன் நெருங்கிய உறவுக்காரப் பாக்டீரியா மனிதப் பாதத்தில் குடியிருக்கிறது. காலுறை நாற்றமும் சீஸ் நாற்றமும் ஒத்திருப்பதில் வியப்பில்லை. நெதர்லாந்து ஆய்வாளர் பார்ட் நால்ஸ், ஆப்பிரிக்காவில் மலேரியா பரப்பும் அனாபிலஸ் கேம்பியே கொசுவை லிம்பர்கர் என்ற சீஸின் வாசனை இழுப்பதை 1990-களில் காட்டினார். அந்த ஆய்வுக்கு 2006-ல், சிரிக்கவைத்துப் பின் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கான ‘இக் நோபல்’ பரிசு கிடைத்தது.

உப்பு இரண்டு வேலை பார்க்கிறது. கட்டியிலிருந்து தண்ணீரை உறிஞ்சி வெளியேற்றுகிறது. உள்ளே இருக்கும் பாக்டீரியாக்களின் வேகத்தைக் குறைக்கிறது. உப்பு குறைந்தால் சீஸ் புளித்துக் கசக்கும், கூடினால் முதிர்ச்சியே நின்றுவிடும்.

திண்டிவனத்திலிருந்து கிழக்கே போனால் மரக்காணம். சாலையின் இருபுறமும் பாத்தி பாத்தியாக உப்பளங்கள். கடல்நீரில் உப்பு சுமார் 3.5 விழுக்காடு. பாத்தி மாற்றிப் பாத்தி பாய்ச்சி, தண்ணீரின் அளவு பத்தில் ஒரு பங்காகச் சுண்டும்போது சமையலுப்பு படிகமாகத் தொடங்கும். அதற்கு முன்பே ஜிப்சம் தனியாகப் படிந்துவிடும். அந்தக் கட்டத்தைக் கண்ணாலும் கையாலும் கண்டறிந்து தண்ணீரை மடைமாற்றுவதில்தான் உப்பளத் தொழிலாளியின் தேர்ச்சி இருக்கிறது. சீஸின் எதிரியான வெயில் இங்கே முதலாளி.

கிரேக்கத் தீவின் உப்பு ஒயின்

ஒயினும் இந்தக் கரைக்குப் புதிதல்ல. புதுச்சேரியை ஒட்டிய அரிக்கமேட்டில் 1945-ல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்த இருபிடிச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. அவற்றைப் பின்னாளில் வகைப்படுத்திய எலிசபெத் லைடிங் வில், கிரேக்கத் தீவான கோஸின் ஒயின் சாடிகளும் அந்தப் பாணியில் செய்யப்பட்டவையும் நிறைய இருப்பதைக் கண்டார். கோஸ் ஒயினுக்குத் தனிச் சிறப்பு உண்டு: அதில் கடல்நீர் கலந்திருக்கும். அந்த வகை ஒயினைத் தயாரிக்கும் முறையை ரோமானிய அறிஞர் கேட்டோ எழுதிவைத்திருக்கிறார். மாதக்கணக்கில் கப்பலில் வந்து வெப்பக் கரையில் இறங்க வேண்டிய சரக்கு அது. உப்பும் சாராயச் சத்தும் சேர்ந்து, புளிக்காடியாக்கும் பாக்டீரியாக்களைத் தள்ளிவைத்திருக்கும்.

உள்ளூரில் என்ன குடித்தார்கள் என்பதற்குச் சிறுபாணாற்றுப்படை சான்று. ஓய்மா நாட்டுத் தலைவன் நல்லியக்கோடனைப் பாடிய நூல் அது. அவனுடைய ஊரான கிடங்கில் இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதி. வழிப்போக்குப் பாணருக்கு எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்று அதன் புலவர் நத்தத்தனார் பட்டியலிடுகிறார். கடற்கரை எயிற்பட்டினத்தில் நாள்பட்ட கள்ளும் சுட்ட குழல் மீனும். வேலூரில் புளியிட்ட சூடான சோறும் ஆமான் இறைச்சியும். ஆமூரில் வெண்சோற்றோடு நண்டுக் கலவை. பிரபலமான உணவுக் கடைகளைத் தேடி ஊர் ஊராகப் போகும் இன்றைய வழக்கத்துக்கு, இதே வட்டாரத்தில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பின்னணி இருக்கிறது.

ஒயின் திராட்சை இந்தச் சமவெளியில் ஏன் விளைவதில்லை? குளிர்நாட்டில் திராட்சைக் கொடி பனிக்காலத்தில் உறங்கி எழும். இங்கே உறக்கமே கிடையாது. கவாத்து செய்துதான் அதைப் புதிதாகத் துளிர்க்கவைக்க வேண்டும். மேலும், இரவும் புழுங்கினால் பழத்திலுள்ள மாலிக் அமிலத்தைக் கொடி தன் சுவாசத்துக்கே எரித்துவிடும். சர்க்கரை ஏறியும் புளிப்பு இல்லாத பழத்திலிருந்து தட்டையான ஒயின்தான் வரும். மலைச் சூழலில் அமைந்த கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதுவும் பெரும்பாலும் சாப்பிடும் பழமாகவே சந்தைக்கு வருகிறது.

சுண்ணாம்பு பிரிக்கும் இரண்டு பானங்கள்

ஆகவே இந்த வட்டாரத்தின் சொந்த ஒயின் பனையில்தான் இருக்கிறது. பனையேறி பாளையைச் சீவி, கலயத்தைக் கட்டுகிறார். சொட்டும் சாற்றில் பத்து விழுக்காட்டுக்கு மேல் சர்க்கரை இருக்கும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் சாறு காரத்தன்மை அடைந்து, ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் பெருக முடியாமல் போகும். விடியற்காலையில் இறங்குவது பதநீர்.

சுண்ணாம்பு இல்லையென்றால் சொட்டத் தொடங்கிய சில மணி நேரத்திலேயே நுரை கிளம்பும். ஈஸ்ட்டோடு சைமோமோனாஸ் மொபிலிஸ் என்ற பாக்டீரியாவும் சர்க்கரையைச் சாராயமாக்குகிறது. அதன் வேகத்தைப் பார்த்து எரிபொருள் எத்தனால் ஆய்வுக்கூடங்கள் அதை வளர்த்துவருகின்றன. லாக்டிக் பாக்டீரியாக்கள் புளிப்பைச் சேர்க்கின்றன. கள்ளில் சாராயம் நான்கு முதல் ஆறு விழுக்காடு வரும், பீர் அளவுதான். மேலும் ஒரு நாள் விட்டால் அசெட்டிக் பாக்டீரியாக்கள் ஏறி, காடியாகிவிடும்.

தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. புதுச்சேரியில் கள்ளுக்கடை சட்டப்படி நடக்கிறது. திருக்கனூர், மண்ணாடிப்பட்டுப் பக்கம் இரு எல்லைகளும் பின்னிக் கிடப்பதால், பக்கத்துப் பக்கத்து வயல்களின் பனைகளில் ஒன்றில் கள் இறக்கலாம், மற்றதில் பதநீர்தான்.

தட்டுக்கு முன்னால்

ஆரோவில்லில் வெயிலையே அடுப்பாக்கிய உணவுக்கூடமும் இருக்கிறது. ‘சோலார் கிச்சன்’ கூரையில் 15 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் கிண்ணம் அசையாமல் நிற்கிறது. சூரியன் நகர நகர ஒளி குவியும் இடமும் நகர்வதால், அதை ஏந்தும் குழாய் மட்டும் திரும்பிக்கொண்டே இருக்கும். அதிலிருந்து வரும் வெப்பம் நீராவியாகிச் சோற்றையும் குழம்பையும் வேகவைக்கிறது. மேகமூட்டமான நாளில் டீசல் கொதிகலன் கைகொடுக்கும்.

சீஸ் சாப்பிடப் போகிறவர்களில் பால் குடித்தால் வயிறு உப்பும் என்பவர்கள் இருப்பார்கள். பால் சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி வளர்ந்தபின் குறைந்துபோவது தென்னிந்தியர்களிடையே சாதாரணம். சீஸில் லாக்டோஸின் பெரும்பகுதி வடிநீரோடு போய்விடுகிறது. எஞ்சியதை முதிரும் மாதங்களில் பாக்டீரியாக்கள் தின்றுவிடும். ஆகையால் பல மாதம் முதிர்ந்த கெட்டிச் சீஸ் அவர்களுக்குப் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். ரிகோட்டா என்ற சீஸோ வடிநீரிலிருந்து எடுப்பது. அதில் லாக்டோஸ் கூடுதல். அவர்கள் அதைக் கொஞ்சமாகத் தொட்டுப் பார்த்து நிறுத்திக்கொள்வது நல்லது.

வீட்டுக்கு வாங்கிப்போவதிலும் இதே கணக்குதான். தண்ணீர் குறைந்த கெட்டிச் சீஸ் காகிதத்தில் சுற்றிய நிலையில் விழுப்புரம் வரையிலான பேருந்துப் பயணத்தைத் தாங்கும். கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். மொசரெல்லாவையும் ரிகோட்டாவையும் ஐஸ் கட்டியோடு மூடிய பெட்டியில் வைத்து, இறங்கியதும் குளிர்பெட்டிக்கு மாற்றி, ஓரிரு நாளில் தீர்த்துவிட வேண்டும்.