நான்கு மாதமா, ஆறு மாதமா?

காசநோய்க்கு ஒரே மருந்து போதாதா? ஏன் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள்? மாணவர்களே, விடை நிகழ்தகவில் இருக்கிறது.

ஐசோனியசிட் மருந்துக்கு அடங்காத கிருமி ஏறத்தாழப் பத்து லட்சத்தில் ஒன்று. ரிஃபாம்பிசினுக்கு அடங்காதது பத்துக் கோடியில் ஒன்று. நோயாளியின் நுரையீரலிலோ கோடிக்கணக்கான கிருமிகள்! ஒரே மருந்தைக் கொடுத்தால் அடங்காதவை தப்பிப் பெருகும். இரண்டுக்கும் அடங்காத கிருமி? இரு நிகழ்தகவுகளையும் பெருக்குங்கள்: நூறு லட்சம் கோடியில் ஒன்று! 1960-களில் இரத்தப் புற்றுநோய்க்குப் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தவர்களுக்கும் காசநோய் மருத்துவமே வழிகாட்டியது.

ஆனால் எந்தக் கூட்டு, எத்தனை மாதம் என்பதைச் சோதனைதான் சொல்லும். சென்னையிலும் நம் மதுரையிலும் காசநோய் ஆராய்ச்சி மையம் அப்படியொரு சோதனை நடத்தியது. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் மூன்று பிரிவாக்கினார்கள். மருத்துவரே பிரித்தால், நோய் முற்றாதவர்கள் ஒரே பிரிவில் சேர்ந்துவிடலாம் அல்லவா? ஒரு பிரிவுக்கு வழக்கமான ஆறு மாத மருந்து. மற்ற இரண்டுக்கும் காட்டிஃப்ளாக்சசின் அல்லது மாக்சிஃப்ளாக்சசின் சேர்ந்த நான்கு மாத மருந்து, வாரம் மும்முறை.

மருந்து முடிந்தபோது பெரும்பாலோர் சளியில் கிருமி இல்லை. அத்துடன் நின்றிருந்தால் புதிய முறை வென்றதாகவே எண்ணியிருப்பார்கள். தொடர்ந்து கவனித்தபோதோ, நான்கு மாதப் பிரிவுகளில் நோய் திரும்பியவர்களே அதிகம். சோதனை நிறுத்தப்பட்டது, முடிவு 2013-இல் வெளியாயிற்று. வேறொரு நான்கு மாதக் கூட்டு ஆறு மாத மருந்துக்கு ஈடானது எனப் பன்னாட்டுச் சோதனை ஒன்று காட்டியது 2021-இல்தான்.

இருமல் நின்றதும் மாத்திரையை நிறுத்த நினைக்கும் உறவினர் உங்களுக்கு இருக்கிறாரா? இருமல் நின்ற பின்னும் கிருமிகள் எஞ்சியிருக்கும் என்று அவரிடம் சொல்லுங்கள். மருத்துவர் குறித்த நாள்வரை மருந்தை உண்ண வேண்டும்.