ஆற்றங்கரையே சாலை



மிதிவண்டியில் நெடுந்தொலைவு செல்ல விரும்பும் இளைஞர் சிலர் என்னிடம் வழி கேட்பதுண்டு. மலைக்குப் போகலாமா, கடற்கரைக்குப் போகலாமா என்பார்கள். நான் அவர்களைக் காவிரிப் படுகைக்குப் போகச் சொல்வேன். "அங்கே என்ன இருக்கிறது, வயல்தானே?" என்று முகம் சுளிப்பவரும் உண்டு. ஆம், வயல்தான். ஆயினும் அந்த வயலுக்கு நீர் எவ்வாறு வந்து சேர்கிறது என்பதை மிதிவண்டியின் மேல் அமர்ந்தபடியே கற்றுக்கொள்ளத் தக்க சாலைகள் அங்கே உள்ளன. அவற்றைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

ஆறு என்றால் பள்ளத்தில் ஓடும் என்றே நாம் நினைக்கிறோம். காவிரிப் படுகையில் அப்படியன்று. பல்லாயிரம் ஆண்டுகளாக வெள்ளம் கரை புரண்டபோதெல்லாம், தான் சுமந்து வந்த மணலையும் பருத்த வண்டலையும் கரையோரத்திலேயே இறக்கிவிட்டுப் போயிற்று. நுண்ணிய களிமண் மட்டும் தொலைவு சென்று படிந்தது. இவ்வாறு படிந்து படிந்து ஆற்றோரம் மேடாயிற்று. இரண்டு ஆறுகளுக்கு இடைப்பட்ட நிலம் தாழ்ந்து நின்றது. ஆதலின் கரையில் ஒரு மதகைத் திறந்தால் போதும். ஏற்றமும் கவலையும் இல்லாமலே நீர் தானாக வாய்க்காலில் இறங்கி வயலைச் சென்றடையும். வயலில் மிஞ்சியது இன்னும் தாழ்ந்த இடத்தில் ஓடும் வடிகாலில் விழும்.

வெள்ளத்துக்கு அஞ்சிய மக்கள் இந்த மேட்டின் மேலேயே ஊர் அமைத்தார்கள். வண்டிப் பாதையும் அங்கேயே அமைந்தது. இன்றைய தார்ச்சாலைகள் பலவும் அந்த வண்டிப் பாதைகளின் மேல் போடப்பட்டவையே. கரைச்சாலையில் செல்பவனுக்கு ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் ஆற்றைவிடத் தாழ்ந்த வயல். இதைக் கண்ணால் கண்டவனுக்கு ஆற்றுப்பாசனம் என்னும் பாடத்தை நான் கரும்பலகையில் எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

இதிலிருந்து மிதிவண்டிக்காரனுக்கு ஒரு கணக்கு கிடைக்கிறது. மேற்கிலிருந்து கிழக்காக, ஆற்றோடு சென்றால் மேடு பள்ளம் தெரியாது. கல்லணை கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 60 மீட்டர் மேலே உள்ளது. அங்கிருந்து பூம்புகார் வரை சாலை வழியே சற்றேறக்குறைய 140 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு அரை மீட்டர் இறக்கம்கூட இல்லை. வடக்கிலிருந்து தெற்காகக் குறுக்கே சென்றால் கதை வேறு. கும்பகோணத்திலிருந்து நீடாமங்கலம் வழியாக மன்னார்குடி செல்லும் வழி நாற்பது கிலோமீட்டர் அளவே. ஆயினும் அரசலாறு, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என ஆற்றுக்கு ஒரு பாலம், பாலத்துக்கு ஓர் ஏற்றம். அங்கேயும் கியர் வைத்த விலையுயர்ந்த வண்டி தேவையில்லை. பள்ளியில் அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டி தாராளமாகப் போதும்.

காற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று வலுவாக வீசும். கடலை நோக்கிச் செல்பவனை அது பின்னின்று தள்ளிக்கொண்டே போகும். திரும்பி வருபவனுக்கோ அதே காற்று எதிரி. ஐப்பசிக்குப் பின் வாடை தொடங்கிவிட்டால் இந்தக் கணக்கு மாறிவிடும்.

வழியைச் சொல்கிறேன். விடியுமுன் கல்லணையில் புறப்படுங்கள். கரிகாலன் கட்டியது என்று மரபு போற்றும் அவ்வணையிலே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என நீர் நான்காகப் பிரிகிறது. கால்வாய் மட்டும் புதியது. 1934-ல் முடிந்த மேட்டூர் அணைத் திட்டத்தோடு சேர்த்து வெட்டப்பட்டது. அதனால்தான் ஊர் மக்கள் அதை இன்றும் புது ஆறு என்கிறார்கள். காவிரியைப் பற்றிக்கொண்டு திருக்காட்டுப்பள்ளி வழியாகத் திருவையாறு வரை சென்றால் முப்பது கிலோமீட்டர் ஆகும். வழி நெடுக வாழைத் தோட்டங்கள். கரையோரத்து மணல் கலந்த மண் வாழைக்கு உகந்தது என்று முன்னே சொன்ன வண்டல் கணக்கை இங்கே சரிபார்த்துக்கொள்ளலாம். திருவையாற்றிலிருந்து கபிஸ்தலம், சுவாமிமலை வழியாகக் கும்பகோணம் செல்லும் சாலையை நான் மிகவும் விரும்புவேன். நிழலும், படித்துறைகளும், கொடிக்கால்களும் உள்ள சாலை அது. கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

மறுநாள் ஆடுதுறை. 1922-ல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் இங்கே உள்ளது. 1960களில் குறுவைச் சாகுபடியை மாற்றி அமைத்த ஆடுதுறை 27 இங்கே உருவான ரகமே. பின் குத்தாலம், மயிலாடுதுறை. கடைசியாக மேலையூர். பூம்புகாருக்கு அருகில் காவிரி கடைசியாகத் தேங்கி நிற்கும் கதவணை அங்கேதான் இருக்கிறது. திருச்சியில் அகன்று விரிந்து கிடந்த ஆறு இங்கே ஒரு வாய்க்கால் அளவாகச் சுருங்கிவிடும். முதன்முறை பார்க்கும் மாணவர் எவரும், "இதுவா காவிரி?" என்று கேட்காமல் இருந்ததில்லை.

வெண்ணாற்று வழி வேறு வகையானது. தென்பெரம்பூரில் வெட்டாறு பிரியும். நீடாமங்கலத்துக்கு அருகே மூணாறு தலைப்பில் ஆறு மீண்டும் மூன்றாகப் பிரியும். அங்கிருந்து தெற்கே செல்லச் செல்ல நிழல் குறையும். முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வரை செல்பவர் குடிநீரைத் தாமே எடுத்துச் செல்வது நல்லது.

இரண்டு எச்சரிக்கைகள். குறுவை அறுவடையான புரட்டாசி, ஐப்பசியில் பாதிச் சாலையில் நெல் காய்ந்துகொண்டிருக்கும். அதன் மேல் வண்டியை ஏற்றாதீர்கள். வழுக்கும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. ஈரப்பதம் கூடுதல் என்றால் கொள்முதல் நிலையத்தில் அந்த நெல்லை எடுக்க மாட்டார்கள். காயவைக்கக் களம் போதாமல்தான் சாலைக்கு வருகிறார்கள். மற்றொன்று, மழை பெய்த மறுநாள் தார் போடாத கரைப்பாதையில் இறங்கக் கூடாது. களிமண் சக்கரத்துக்கும் மட்காடுக்கும் இடையே அப்பிக்கொண்டு வண்டியை நிறுத்திவிடும். ஒரு முறை மூன்று கிலோமீட்டர் தூரம் வண்டியைத் தோளில் சுமந்து நடந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

2011-ஆம் ஆண்டு மேட்டூர் அணை ஜூன் 6-ஆம் நாளே திறக்கப்பட்டது. வழக்கமான நாள் ஜூன் 12. அவ்வாண்டு பள்ளிகள் திறப்பதும் ஜூன் 15-க்குத் தள்ளிப்போயிற்று. கிடைத்த விடுமுறையில் என் மாணவர் எண்மரை அழைத்துக்கொண்டு, கல்லணை திறந்த மறுநாள் புறப்பட்டேன்.

நீரோடு செல்கிறோம் என்ற களிப்பு பையன்களுக்கு. நண்பகலில் திருவையாற்றை நெருங்கும்போது ஆற்றில் ஒரு காட்சி கண்டோம். வறண்ட மணலின் மேல், நுரையும் சருகுமாக, ஒரு முழம் அகலத்துக்கு நாக்கு நீட்டியதுபோல் நீர் ஊர்ந்து வந்தது. சில இடங்களில் நின்றுவிடும். மணல் குடித்து முடித்ததும் மறுபடி நகரும். காவிரியின் முன்னணி அதுதான். வேகமாக நடப்பவன்கூட அதை முந்திவிடலாம். நாங்கள் முந்தினோம். அதற்குப் பின் கும்பகோணத்திலும், குத்தாலத்திலும், மயிலாடுதுறையிலும் பார்த்ததெல்லாம் வெறும் மணல்.

மறுநாள் மாலை மேலையூருக்குச் சற்று முன்னே, கரையில் நின்ற ஒரு பெரியவர் எங்களை நிறுத்தினார். "எங்கேருந்து வர்றீங்க, சார்?" என்றார். கல்லணையிலிருந்து என்றேன். அவர் முகம் மாறிற்று. வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "தண்ணி எங்கே வருது?"

செய்தியில் கேட்டிருப்பீர்களே என்றேன். "தொறந்தாச்சுன்னு சொல்றாங்க. எங்கே வந்திருக்குன்னு யாரும் சொல்லலையே" என்றார். தலைமடையில் ஒவ்வொரு மதகும் தன் பங்கை வாங்கிக்கொண்ட பிறகே கடைமடைக்கு நீர். அந்தத் தாமதம் ஒரு வாரமா, இரண்டு வாரமா என்பது அவருக்குத் தெரிய வேண்டும். விதைநெல்லை ஊறப்போட்டு முளைகட்டிவிட்டால் பின்வாங்க முடியாது. நாற்றங்காலுக்கு நீர் வராவிட்டால் விதை வீண்.

நான் பதில் சொல்லுமுன் பையன்களில் ஒருவன் முன்வந்து, "நேத்து மத்தியானம் திருவையாத்துக்கு மேற்கே பார்த்தோம் தாத்தா. நடக்கிற வேகம்கூட இல்லை" என்றான். எவ்வளவு அகலம், மணல் எவ்வளவு ஆழம் நனைந்திருந்தது, வழியில் எந்தெந்த மதகு திறந்திருந்தது என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். பையன்கள் தங்களுக்குள் வாதாடிக்கொண்டே விடை சொன்னார்கள். வகுப்பில் நான் கேட்ட எந்தக் கேள்விக்கும் அவர்கள் அத்தனை கவனமாக விடை சொன்னதில்லை.

பெரியவர் விரல்விட்டு எண்ணினார். பின் வயலுக்கு அப்பால் தெரிந்த வீட்டை நோக்கிக் குரல் கொடுத்தார்.

"கோட்டையைப் பிரிக்காதே. இன்னும் நாலு நாள் போகட்டும்."